ஏழாம் நாற்காலியின் செல்கள்

அத்தியாயம் 6

காணாமல் போனது நகையில்லை, நாயில்லை, உயில் பத்திரமும் இல்லை. பெர்னி வோய்சிக்கின் செல்கள். மொத்தத்தையும் வழித்தெடுத்தாலும் ஒரு தேக்கரண்டி தேறாது. உங்கள் சிறுநீரகமே அந்தத் தேக்கரண்டியில்தான் இருக்கிறது என்று டாக்டர் ஸ்டோவர் ஒன்பது மாதமாகப் பெர்னியிடம் சொல்லிவந்தார். போன வெள்ளிக்கிழமை அவரே நேரில் வந்து, கடைசியாகப் பரிசோதித்துப் பார்த்ததில் அது உங்களுடையது இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

துப்பறிகிறவர்களைத் தேடி ஆட்கள் மாடிப்படி ஏறி வருவார்கள். லியோனா ஹார்ட்விக்கைப் பொறுத்தவரை அந்த வழக்கமெல்லாம் மூன்று வருஷத்துக்கு முன்பே போயிற்று. மில்வாக்கியின் தெற்குப் பக்கத்தில், செருப்புக் கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவில் இருக்கிற டயாலிசிஸ் நிலையத்தில் அவளுக்கு எட்டாம் நாற்காலி. திங்கள், புதன், வெள்ளி, காலை பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை இடது கையில் இரண்டு ஊசிகளோடு அங்கே கிடப்பாள். ரத்தம் வெளியே போய், மிஷினில் சுத்தமாகி, திரும்ப உள்ளே வரும். பெர்னிக்கு ஏழாம் நாற்காலி. இந்த வழக்கு லியோனாவிடம் வந்து சேர நாலடி தூரம்தான் கடக்க வேண்டியிருந்தது.

லியோனாவுக்கு அறுபது வயது. முப்பது வருஷம் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்யர்களைப் பிடித்தவள். வீடு தானாக எரிந்ததா, எரித்தார்களா என்று சாம்பலை வைத்தே சொல்லிவிடுவாள். பெர்னிக்கு ஐம்பத்தேழு. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள், அதனால் அவள் ரகசியம் பேசினாலும் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்.

விஷயம் இதுதான். ஆளின் ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து, அதிலுள்ள செல்களைக் குழந்தைப் பருவத்துக்குத் திருப்பிவிடுகிறார்கள். ஸ்டெம் செல் என்கிறார்களே, அதுதான். அது சொன்னபடி வளரும். சிறுநீரகமாக வளரப் பழக்கி, கெட்டுப்போன சிறுநீரகத்துக்குள்ளேயே ஊசி வழியாக அனுப்பினால் பழுது பார்க்குமா என்று பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்துகொண்டிருந்தது. அவரவர் செல் அவரவருக்குத்தான், அடுத்தவர் செல் உடம்பில் ஒட்டாது. இந்த நிலையத்திலிருந்து இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள், பெர்னியையும் லியோனாவையும். ஏப்ரலில் இரண்டு பேரும் ஒரே நாளில் ரத்தம் கொடுத்தார்கள்.

லியோனாவின் செல்கள் இரண்டு மாதத்தில் செத்துப்போயின. ஜூன் கடைசியில் டாக்டர் ஸ்டோவர் போன் செய்து சொன்னபோது அவள் கடையில் காலிஃபிளவர் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சரி என்றாள், நன்றி என்றாள், காலிஃபிளவரைத் தள்ளுவண்டியில் போட்டாள். அழுகை வரும் என்று காரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தாள். வரவில்லை. அதற்கப்புறம் எந்த விஷயமும் அவளுக்குள் போய்த் தைக்கவே இல்லை. பெர்னியின் செல்களோ செழித்தன. அந்தப் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு, பேரன் படம் காட்டுகிறவர்கள்போல் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பெர்னி காட்டினாள். லியோனாவுக்கும் காட்டினாள். பொறாமைகூட வரவில்லை என்பதை லியோனா கவனித்து வைத்திருந்தாள்.

இப்போது டாக்டரின் சந்தேகம் ஆய்வகத்தில் செல்களைப் பராமரித்த சியா லோர் என்ற பெண்ணின் மேல். பெர்னியின் செல்களை அவள் கைதவறிக் கொன்றிருப்பாள், பயந்துபோய் வேறு யாருடையதையோ அந்த இடத்தில் வைத்திருப்பாள் என்பது அவர் கணக்கு. வேலைக்கு வராதே என்று அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பெர்னியின் கணக்கு வேறு. தன் செல்கள் சாகவில்லை, அந்தப் பெண் எங்கோ ஒளித்து வைத்திருக்கிறாள் என்று நம்பினாள்.

"எங்கயோ ஒரு ஃப்ரீஸர்ல என்னோடது இருக்கு லியோனா. எனக்குத் தெரியும். கண்டுபிடிச்சுக் குடுடி. பிப்ரவரி பத்தொம்போதாம் தேதி ஊசி. அது தவறிச்சுன்னா இந்தச் சோதனையை இழுத்து மூடிருவாங்க. அப்புறம் இந்த மிஷினும் நானும்தான், சாகிற வரைக்கும்."

லியோனா கண்டுபிடித்துத் தருகிறேன் என்றாள். வாக்குக் கொடுக்கும்போது நெஞ்சில் ஏதாவது அசையும் என்று எதிர்பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை.

*

மறுநாள் செவ்வாய்க்கிழமை, மிஷினுக்கு விடுமுறை. ஆய்வகத்தின் பின்வாசலுக்கு எதிரே ஒரு பழைய காரில் லியோனா மூன்று ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தாள். வெளியே ஏரிக் காற்று ஆளை அறைந்துகொண்டிருந்தது. ஸ்டியரிங்கின் பின்னால் டுவேன் ஃபிஸ்டர், அவளுடைய உதவியாளன். இருபத்தெட்டு வருஷம் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவன், எந்தத் தெருவில் எந்த நாய் கடிக்கும் என்பது அவனுக்கு மனப்பாடம். லியோனாவுக்குக் கையாகவும் காலாகவும் இருப்பதுதான் அவன் வேலை. வாயாக இருக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, அதையும் சேர்த்தே செய்தான்.

அவன் மடியில் ஒரு பை நிறையப் பாலாடைக்கட்டித் துண்டுகள். லியோனா அதைத் தொடக் கூடாது, சிறுநீரகம் கெட்டவர்களுக்குப் பாலாடைக்கட்டி விஷம். பாலாடைக்கட்டிக்குப் பேர்போன இந்த விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்து இதைச் சாப்பிட முடியாதவர்களை ஊரைவிட்டே தள்ளி வைத்திருப்பார்கள், நீங்கள் தப்பித்தது பெரிய விஷயம் என்று சொல்லிக்கொண்டே வாயில் போட்டான்.

துப்பு அவன் கொண்டுவந்ததுதான். ஆய்வகத்தின் காவலாளி ஒரு காலத்தில் அவன் தபால் கொடுத்த தெருவில் குடியிருந்தவர். வீட்டுக்கு அனுப்பப்பட்ட சியா லோர் நாள் தவறாமல் மதியம் இரண்டு மணிக்குப் பின்வாசல் வழியாக உள்ளே போகிறாளாம், நாற்பது நிமிஷம் கழித்து வெளியே வருகிறாளாம். வாசல் திறக்கும் அட்டையை அவளிடமிருந்து திரும்ப வாங்க எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

"திருடன் திருடின இடத்துக்கே திரும்பி வருவான்னு சொல்வாங்க பாஸ். ஆனா டயம் தவறாம தினமும் ரெண்டு மணிக்கு வர்ற திருடியை நான் பார்த்ததில்ல. எங்க தபால் ஆபீஸ்லயே எவனும் அவ்வளவு ஒழுங்கில்ல."

இரண்டு அடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போது, நீலத் தொப்பி போட்ட ஒரு பெண் கையில் பையோடு வந்து கதவைத் திறந்து உள்ளே போனாள். காவலாளி அதே கதவை இவர்களுக்காக ஒரு நிமிஷம் திறந்து வைத்தார். மூன்றாம் மாடி ஏறுவதற்குள் லியோனாவுக்கு மூச்சு வாங்கியது. டுவேன் கையைக் கொடுத்தான், அவள் பிடித்துக்கொண்டாள்.

அறைக்குள் கண்ணாடித் தடுப்பின் பின்னால் இரண்டு கைகளையும் விட்டுக்கொண்டு சியா நின்றிருந்தாள். ஒரு தட்டை ரகசியமாக எதுவோ செய்துகொண்டிருப்பதுபோல்தான் தெரிந்தது. டுவேன் தன் தபால்காரக் குரலை எடுத்து, கையை வெளியே எடும்மா என்றான். அவள் திரும்பவே இல்லை.

"ரெண்டு நிமிஷம் இருங்க. இப்ப கையை எடுத்தா உள்ள கிருமி விழுந்துரும். அங்கேயே நில்லுங்க, இருமாதீங்க."

பிடிக்க வந்தவர்கள் இருமாமல் நின்றார்கள். தட்டில் இருந்த மஞ்சள் தண்ணீரை அவள் உறிஞ்சி எடுத்தாள், ஒரு பாட்டிலிலிருந்து இளஞ்சிவப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். தட்டை மூடி, சூடான பெட்டிக்குள் வைத்து, கதவைச் சாத்தினாள். அதற்கப்புறம்தான் திரும்பி, நீங்கள் யார் என்று கேட்டாள்.

லியோனா யார், எதற்காக வந்தாள் என்பதைச் சொன்னாள். சியாவின் முகத்தில் பயத்தைவிட அலுப்புதான் அதிகம் இருந்தது. அந்தத் தண்ணீர்தான் செல்களுக்குச் சாப்பாடு என்றாள். தின்றுவிட்டு அதிலேயே கழிவையும் விடும், மஞ்சளாகிவிட்டால் பசி என்று அர்த்தம், தினமும் மாற்றாவிட்டால் இரண்டு நாளில் செத்துப்போகும். பெட்டியைப் பூட்டி வைக்கச் சொன்ன டாக்டர் தீனி போட யாரையும் நியமிக்கவில்லை. அதனால்தான் வருகிறாள்.

"பாஸ், இதுவும் டயாலிசிஸ்தான். உங்களுக்கு வாரத்துக்கு மூணு தடவை, இவங்களுக்கு தினமும். இவங்க உங்களைவிடப் பெரிய இடம்" என்றான் டுவேன்.

லியோனா சிரிக்கவில்லை. "உன்னை வெளிய அனுப்பியாச்சு. இது யாரோடதுன்னும் தெரியல. அப்புறமும் ஏன் வர்ற?"

"யாரோடதுன்னு தெரியலதான். பசிக்குதில்ல?" என்றாள் சியா.

அவ்வளவுதான் சொன்னாள். போலியை வைத்துவிட்டுப் போனவள் அந்தப் போலிக்குச் சோறூட்ட ஊரெல்லாம் சுற்றிப் பின்வாசல் வழியாக வரமாட்டாள் என்று லியோனா அந்த நிமிஷமே முடிவு கட்டினாள். செத்தால் நல்லது என்றுதான் விட்டிருப்பாள். பழி ஓரிடம், பாவம் வேறு எங்கோ இருக்கிறது.

அதைவிட முக்கியமான இன்னொன்றும் சியாவிடமிருந்து கிடைத்தது. ஏப்ரலில் எடுத்த ரத்தத்தில் பாதியை வேறு கட்டடத்தில், டாக்டரிடம் மட்டும் சாவி இருக்கும் ஃப்ரீஸரில் அப்போதே உறைய வைத்திருக்கிறார்கள். ஆகஸ்டில் செல்களை அதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், பொருந்தியது. டிசம்பரிலும் பொருந்தியது. இந்த மாதம் பெர்னியிடம் புதிதாக ஒரு குழாய் ரத்தம் எடுத்து ஒப்பிட்டபோதுதான் பொருந்தவில்லை. செல்களை நான் மாற்றியிருந்தால் சாவியே இல்லாத ஃப்ரீஸரில் இருக்கிற ரத்தத்தையும் நான்தான் மாற்றியிருக்க வேண்டும், டாக்டர் அதை யோசிக்கவே இல்லை என்றாள் சியா. அவள் குரல் அப்போதுதான் முதல் தடவையாக உடைந்தது.

பழையது எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறது, புதிது மட்டும் தனியாக நிற்கிறது. அப்படியென்றால் தப்பு இந்தக் கட்டடத்துக்குள் நடக்கவே இல்லை. ரத்தம் இங்கே வந்து சேருவதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. லியோனா ஏப்ரல் மாதத்துக் காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். சியா கோப்பிலிருந்து ஒரு தாளைப் பிரதி எடுத்துக் கொடுத்தாள். ரத்தம் எடுத்த நர்ஸ் கைப்பட நிரப்பியது.

படியிறங்கும்போது டுவேன் கணக்குப் போட்டுச் சொன்னான். "குற்றம் நடந்த இடம் இது இல்லைன்னா, உங்க டயாலிசிஸ் சென்டர்தான். முதல் தடவையா துப்பறியும் நிபுணரைக் கட்டிப் போட்ட இடத்துலயே கொலை நடந்திருக்கு பாஸ்."

*

அந்தத் தாளை லியோனா இரவு சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் படித்தாள். பெயர், வோய்சிக் பெர்னடெட். நாற்காலி, ஏழு. தேதி, ஏப்ரல் மூன்று. நேரம், பகல் ஒன்று முப்பத்தைந்து. எடுத்த இடம், இடது கை. கையெழுத்து, கோரின் பேட்சன். எல்லாம் ஒழுங்காக இருந்தது. முப்பது வருஷ அனுபவம் அவளைப் பெயரிலும் கையெழுத்திலும்தான் கண்ணை வைக்கச் சொன்னது, அவளும் அதிலேயே தேடிக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை பதினொன்றுக்கு வழக்கம்போல் எடை பார்த்தார்கள், கம்பளியைப் போர்த்தினார்கள், ஊசியைக் குத்தினார்கள். லியோனா ஊசி போகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், வேறு யாருடைய கைபோலவோ இருந்தது. தாள் அவள் மடியில் கிடந்தது. நர்ஸ் அடுத்து ஏழாம் நாற்காலிக்குப் போனாள், நாற்காலியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தது. குழாய் எட்டாமல் இழுத்தாள். ஊரே இடது கையை நீட்டினால் உனக்கு மட்டும் வலது கையா என்று பெர்னியைச் சீண்டினாள். நான் எழுதுவது, சாப்பிடுவது, குறுக்கே வண்டி விட்டவனைத் திட்டிக் கையாட்டுவது எல்லாம் இடது கையால்தான், அதனால் டாக்டர் நரம்பை வலது கையில் தைத்துவிட்டார் என்று பெர்னி சத்தமாகப் பதில் சொன்னாள். மூன்று வருஷமாக மாதத்துக்கு ஒரு தடவை கேட்கிற பேச்சு. லியோனா அதைக் காதில் வாங்கியதே இல்லை.

அன்று வாங்கினாள். குனிந்து தாளைப் பார்த்தாள். இடது கை.

பெர்னியின் இடது கையிலிருந்து யாரும் ரத்தம் எடுத்திருக்க முடியாது. மிஷினில் இருக்கும்போது குழாயிலிருந்துதான் எடுப்பார்கள், அந்தக் கையில் குழாயே கிடையாது.

"பெர்னி. ஏப்ரல் மூணு என்ன கிழமை?"

"வெள்ளி" என்றாள் பெர்னி, கண் சிமிட்டக்கூட நேரம் எடுக்காமல். "பேஸ்பால் சீசன் தொடங்கின நாள். ஏன்?"

"அன்னைக்கு எங்க உட்கார்ந்திருந்த?"

"உன் நாற்காலியில. மறந்துட்டியா? என் டிவி செத்துக் கிடந்துச்சு. எனக்குத் தூங்குறதுக்கு எந்த நாற்காலியா இருந்தா என்ன, நீ வா இங்கன்னு நீதானே எந்திரிச்சுக் குடுத்த. ஆறாவது சுற்று வரைக்கும் பார்த்தேன். நீ இங்க போர்வையைத் தலையோட மூடிட்டு பொணம் மாதிரி தூங்குன." பெர்னி சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள், அதாவது நாலு நாற்காலிக்கு மட்டும் கேட்கும்படி. "துப்பு கிடைச்சிருச்சா? அன்னைக்குதான் மாத்தினாளா அவ?"

"பார்த்துட்டு இருக்கேன்" என்றாள் லியோனா.

இந்த நிலையத்தில் யாருக்கும் பெயர் கிடையாது. நாற்காலிதான் பெயர். ஏழுக்குக் கால் இழுக்கிறது, மூன்றுக்கு மயக்கம், பத்துக்கு இன்னொரு போர்வை வேண்டும் என்றுதான் எல்லோரும் பேசுவார்கள். சர்ச்சில் குடும்பத்துக்கென்று ஒரு பெஞ்சு இருப்பதுபோல் ஆளுக்கு ஒரு நாற்காலி, வருஷக் கணக்கில் மாறாது, செத்தால்தான் காலியாகும். ஏப்ரல் மூன்றாம் தேதி உள்ளே இருந்த நர்ஸுக்கு மாற்றம் தெரியும், மிஷினில் எல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தாள். முன்னறையில் ஒட்டியிருந்த நாற்காலிப் பட்டியலைத்தான் யாரும் திருத்தவில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கோரின் அந்தப் பட்டியலைப் பார்த்து, முன்கூட்டியே பெயர் ஒட்டிய குழாய்களோடு உள்ளே வந்தாள்.

லியோனா கோரினுக்குப் போன் செய்தாள். பெயரும் பிறந்த தேதியும் கேட்காமல் ரத்தம் எடுக்கக் கூடாது என்பது விதி. கேட்டீர்களா என்றாள்.  ஏழாம் நாற்காலி தூங்கிக்கொண்டிருந்தது, முகம்கூடத் தெரியவில்லை, எழுப்பப் பாவமாக இருந்தது என்றாள் கோரின். எட்டாம் நாற்காலி காதில் ஹெட்ஃபோனோடு டிவியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது, பெயரைக் கேட்டதற்குச் சும்மா தலையை ஆட்டியது. ஊசியே குத்தத் தேவையில்லை, குழாயிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாளாம்.

போனை வைத்துவிட்டு லியோனா தன் இடது கையைப் பார்த்தாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவள் கதையை அவள் கேட்டிருந்தால் தன்னையே நினைத்துச் சிரித்திருப்பாள். பெர்னியின் போனில் இருக்கிற படம், சியா தினமும் சோறூட்டுகிற அந்தத் தட்டு, எல்லாம் அவளுடையது. ஜூன் மாதம் செத்தது பெர்னியினுடையது. பெர்னி தேடச் சொன்ன பொருள் எந்த ஃப்ரீஸரிலும் இல்லை.

சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. வருத்தப்பட வேண்டும் என்றும் தெரிந்தது. இரண்டும் வராமல் கையும் நெஞ்சும் ஒரே மாதிரி மரத்துக் கிடந்தன. நர்ஸைக் கூப்பிட்டு, தன் குழாயிலிருந்து ஒரு சின்ன பாட்டில் ரத்தம் எடுக்கச் சொன்னாள். பெயரைக் கேளுங்கள், பிறந்த தேதியைக் கேளுங்கள் என்று இரண்டு தடவை சொன்னாள். நர்ஸ் அவளைப் பைத்தியம்போல் பார்த்தாள், ஆனால் கேட்டாள்.

பாட்டிலை வாங்க டுவேன் வந்தான். அவன் காதில் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். அவன் வாய் திறந்தது, ஏதோ கிண்டல் வரப்போகிறது என்று அவள் காத்திருந்தாள். அவன் ஏழாம் நாற்காலியைப் பார்த்தான். பெர்னி அவனுக்குக் கையாட்டினாள். வாயை மூடிக்கொண்டு பாட்டிலைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு போனான்.

*

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு டாக்டர் ஸ்டோவர் போன் செய்தார். இரண்டு தடவை பார்த்துவிட்டார்களாம், சந்தேகமே இல்லை, செல்கள் லியோனாவினுடையவை. பிப்ரவரி பத்தொன்பது அவளுக்கு. சியாவிடம் மன்னிப்புக் கேட்டு அழைத்துக்கொண்டாராம், அவள் தினமும் மதியம் வராமல் இருந்திருந்தால் இப்போது பேச எதுவுமே இருந்திருக்காது என்றார். பெர்னிக்குப் புதிதாக ஆரம்பிக்க முடியாதா என்று லியோனா கேட்டாள். வளர்க்க ஒன்பது மாதம் ஆகும், சோதனை பிப்ரவரியோடு முடிகிறது. திங்கட்கிழமை முறைப்படி கடிதம் கொடுத்துப் பெர்னியிடம் தெரிவிப்போம், உங்கள் சம்மதப் பத்திரத்தை மட்டும் சீக்கிரம் கையெழுத்திட்டு அனுப்புங்கள் என்றார். பெர்னியிடம் நானே சொல்கிறேன் என்றாள் லியோனா.

நிலையத்தின் வாசலில் காரை நிறுத்திவிட்டு டுவேன் எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"கடைசி அஞ்சு நிமிஷத்துல சொல்லுங்க பாஸ். ஊசியைக் கழட்டினதும் நான் வண்டியைக் கிளப்பி ரெடியா வெச்சிருப்பேன். சொன்னீங்க, எந்திரிச்சீங்க, வந்துட்டீங்க. முன்னாடியே சொன்னா நாலு மணி நேரம் ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல. எங்கயும் ஓட முடியாது."

"அவளும் ஓட முடியாதுல்ல. சொல்லிட்டு நான் மட்டும் எந்திரிச்சு வர்றதா?" என்றாள் லியோனா.

டுவேன் இறங்கி வந்து கதவைத் திறந்துவிட்டான், பனி உருக உப்புப் போட்ட நடைபாதையில் அவள் வழுக்காமல் பிடித்துக்கொண்டான்.

இரண்டு பேருக்கும் ஊசி ஏறி, மிஷின் ஓட ஆரம்பித்ததும் லியோனா சொன்னாள். முதலில் முடிவைச் சொன்னாள், பிறகு இடது கை, நாற்காலி, பட்டியல், கோரின். அறிக்கை எழுதுகிறவள்போல் வரிசையாகச் சொன்னாள், வேறு விதமாகச் சொல்ல அவளுக்கு வரவில்லை. பெர்னி குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று வருஷத்தில் அப்படி நடந்ததில்லை.

"அப்ப ஜூன்ல செத்தது என்னோடது" என்றாள் கடைசியில்.

"ஆமா."

"எங்கயும் இல்ல. எந்த ஃப்ரீஸர்லயும்."

"இல்ல பெர்னி."

பெர்னி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஜூன்ல நான் உனக்கு சூப்பு வெச்சு எடுத்துட்டு வந்தேன். பனிக்கட்டி மாதிரி உட்கார்ந்திருக்காளே, ஏதாவது வாயில போடட்டும்னு. உப்பில்லாம, தக்காளியில்லாம, ரெண்டு நாள் மெனக்கெட்டு வெச்சேன். எனக்கு விழுந்த சாவுக்கு நானே சூப்பு வெச்சு உனக்கு ஊட்டியிருக்கேன்."

லியோனாவுக்கு அந்தச் சூப்பு நினைவிருந்தது. அதன் ருசி நினைவில்லை. மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தாள். எதற்கு மன்னிப்பு, அவள் யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை. ஒரு நாற்காலியைக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

"கையெழுத்துப் போட்டுட்டியா?"

"இன்னும் இல்ல. உன்கிட்ட சொல்லாம போட முடியல."

"சொல்லிட்டேல்ல. போடு. நீ போடலன்னா அதைக் குப்பையிலதான் கொட்டுவாங்க. நாம ரெண்டு பேரும் ஜோடியா இங்கயே கிடந்து சாகிறதுல எனக்கு என்ன வந்துரப்போகுது." பெர்னியின் குரல் இரண்டாம் வரிசைக்குக்கூட எட்டவில்லை. "போடு. நல்லாகு. ஆனா நீ நல்லாகுறதை நான் பக்கத்துல உட்கார்ந்து பார்க்கணும்னு கேட்டுராத. ஏழு மாசம் நீ எப்படிப் பார்த்தியோ, எனக்குத் தெரியாது. நான் அந்த மாதிரி ஆளில்ல."

நான் எதையும் பார்க்கவில்லை பெர்னி, கண்தான் பார்த்தது என்று சொல்ல லியோனா நினைத்தாள். அதற்குள் பெர்னி நர்ஸைக் கூப்பிட்டு, இரண்டு நாற்காலிக்கும் நடுவில் திரையை இழுத்துவிடச் சொன்னாள். அந்தத் திரையை யாரும் இழுத்துப் பழக்கமில்லை, வளையங்கள் துருவேறிக் கிடந்தன. நர்ஸ் இரண்டு கையாலும் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. மிஷினின் கடிகாரத்தில் இன்னும் மூன்று மணி நேரம் நாற்பது நிமிஷம் பாக்கி இருந்தது. லியோனா அத்தனை நிமிஷமும் திரையைப் பார்த்துக்கொண்டு விழித்திருந்தாள். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்குமா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள், மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

திங்கட்கிழமை அவள் கையெழுத்துப் போட்ட பத்திரத்தோடு வந்தாள். பெர்னியிடம் ஒரு தடவை காட்டிவிட்டு அனுப்பலாம் என்று நினைத்திருந்தாள். ஏழாம் நாற்காலியில் முன்பின் தெரியாத ஒரு பெரியவர் உட்கார்ந்து, இந்தக் குளிரில் இங்கே இன்னொரு போர்வை கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். லியோனா நர்ஸைப் பார்த்தாள். பெர்னி காலை ஐந்து மணி ஷிஃப்டுக்கு மாறிவிட்டாள் என்றாள் நர்ஸ். பனியில் இருட்டோடு எழுந்து வர வேண்டும், அந்த நேரத்தை யாரும் விரும்பி எடுப்பதில்லை. பெர்னி தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டாளாம்.